ஈ 24

ஈ 24 என்று காட்டிவிட்டு
நின்றுபோனது.
உள்ளே கணுக்கால் அளவு சாம்பல் தண்ணீர்,
அதில் நேற்றைய நண்டுக்கறியின் எண்ணெய் வட்டங்கள்,
மேல்தட்டில் தலைகீழாகப் பதினாறு கிளாஸ்.

வெளியே ஆறு பெல்ஜியக்காரர்
காலைச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள்,
கடலைப் பார்த்தபடி.
கடல் ஒரு பிழையும் காட்டவில்லை.

டுசல்டோர்ஃபிலிருந்து மச்சாள்
கொண்டெய்னரில் போட்டனுப்பிய டிஷ்வொஷர்.
புத்தகம் முழுக்க ஜெர்மன்.
படங்களில் ஒரு கை மட்டும் வருகிறது,
மணிக்கட்டோடு முடிந்துபோகிற, அழுக்கே படாத கை.
அது எதைத் திருகினாலும் திறக்கிறது.

கொழும்புக்கு அடித்தேன்.
வந்து பார்க்க மட்டும் பதினெட்டாயிரம்,
அதுவும் வியாழக்கிழமை.
வியாழன்வரை யார் கழுவுவது என்று
நான் வாய்விட்டுக் கேட்கவில்லை.
கேட்காததை சுமையா கேட்டுவிட்டாள்.
மெஷின் வருமுன்னம்
அவளைப் பாத்திரத்துக்குத்தான் வைத்திருந்தேன்.
இப்போது அறைக்கணக்கு அவள் கையில்,
சாவிக்கொத்தும் அவள் இடுப்பில்.
ஒன்றும் சொல்லாமல் ஸ்குரூ டிரைவரை எடுத்தாள்.

முதலில் பிளக்கைக் கழற்று.
(இரண்டு தரம் சொல்லவேண்டும்,
ஈரக் கையோடு அவசரப்படுகிற குசினி இது.)
தண்ணீரைக் கப்பால் அள்ளி வாளியில் ஊற்று,
மிச்சத்தைப் பழைய சாரத்தால் ஒற்று.
கீழ்த்தட்டை இழு, சல்லடையை இடம்பக்கம் திருப்பு.
வந்தது
சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலைக் காம்பு,
தேசிக்காய் விதை, ஜாம் போத்தலின் உரிந்த லேபல்,
யாரோ தேடி அழுதிருக்கக்கூடிய
ஒரு தோட்டின் சுரை.

இதுதான் என்று சந்தோசமாய் மூடினோம்.
ஈ 24.

பின்னால் பைப் மடிந்திருக்கும் என்றேன்.
இழுத்துப் பார்த்தோம்.
பைப் நேராய்த்தான் கிடந்தது,
பக்கத்தில் இரண்டு பல்லிமுட்டை, ஒரு பிடி கடற்கரை மணல்.
அடியைப் பார்க்கலாமென்று சாய்த்தேன்.
அது என் புத்தி.
கிடந்த தண்ணீர் அடித்தட்டில் இறங்க,
உள்ளேயொரு மிதவை எழும்ப,
இப்போது
ஈ 15.

"பிழைச்சுப்போச்சு" என்றாள் சுமையா.
"பிழைச்சிரும்" என்றேன்.
ஒரே சொல்லை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு
இன்னொரு தரம் சாய்த்தோம்,
அடித்தட்டுத் தண்ணீர் என் செருப்புக்குள் வந்து முடியும்வரை.

பெல்ஜியக்காரி ஒருத்தி வாசலில் நின்று
ஜெர்மன் புத்தகத்தை வாங்கி
விரலால் வரிவரியாய்த் தேடி
கடைசியில் சொன்னாள், தண்ணீர் போகவில்லையாம்.
கால்களைத் தூக்கிக் காட்டினோம்.
மூன்று பேரும் சிரித்து ஓய
அப்பம் ஒன்று கருகியது.

சல்லடைக்குக் கீழே ஒரு சின்ன மூடி,
படத்திலுள்ள கை அதைக் கரண்டிக் காம்பால் நெம்புகிறது.
நெம்பினோம்.
கண்ணாடித் துண்டு இருக்கும், கையுறை போடு என்றேன்.
போட்டால் விரலுக்குத் தெரியாது என்று
சுமையா வெறுங்கையை விட்டாள்.
காற்றாடி மாதிரி ஏதோ இருக்கு, சுத்துதில்லை என்றாள்.
கண்ணை மூடிக்கொண்டாள்,
காது குடைகிறவளின் முகம்.
பிறகு வெளியே எடுத்து உள்ளங்கையில் காட்டினாள்
நண்டின் கால்நுனி,
சின்னவிரல் நகமளவு.
வெந்தும் அதற்குப் பிடி விடவில்லை.

பதினொன்றரைக்கு மெஷின் இருமி, துப்பி, ஓடியது.
வெளியே வந்த கிளாஸ்களில் சுண்ணாம்புப் படலம்.
கூடவே ஒரு சிவப்பு லைட்.
பெல்ஜியக்காரி எட்டிப் பார்த்தாள்
உப்பு கேட்கிறதாம்.

உப்புவெளியில் நின்றுகொண்டு!

பக்கெற் உப்பு ஆகாது, அயடின் கலந்தது.
நிலாவெளி உப்பளத்தில் சுமையாவின் காக்கா வேலை.
பின்னேரம் மோட்டார்சைக்கிளில்
அரை மூட்டை கல்லுப்பு வந்திறங்கியது,
விலை கேட்டதற்கு
மெஷினைப் பார்க்கவேணும் என்றார்.

இரவு அலுமாரிக் கதவின் உட்பக்கம்
பேனையால் எழுதியிருந்தாள்:

ஈ 24 – நண்டு.
ஈ 15 – சாய்க்கக் கூடாது, அக்காவிடமும் சொல்லவும்.
சிவப்பு லைட் – காக்காவுக்கு கோல்.